நோட்டில் உள்ளபடி

மூன்றாம் பகுதியில் வான்மறவன்
கானாடுகாத்தான் வீட்டு மொட்டைமாடியிலிருந்து குதிக்கும்போது
முதுகுத்துணி நீலம்.
தரையில் கால் ஊன்றும்போது பச்சை.
இடையில் ஒரு சலவை இருந்தது,
ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது,
சிக்கந்தர் பாய் காரைக்குடி முழுக்க அலைந்தும் கிடைக்காத
ஒன்றேகால் மீட்டர் சாட்டின் இருந்தது.
படத்தில் அது அரை நொடி.

சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.
அந்த நோட்டை வைத்திருந்தவள் நான்.
பெயர் அங்கயற்கண்ணி; கூப்பிட்டது "ஏ நோட்டு".
கடிகாரம் எந்தக் கையில், பொத்தான் எத்தனை,
காயம் எந்தப் புருவத்தில், டம்ளரில் காபி எதுவரை,
எல்லாம் பென்சிலில்.

வில்லன் கோட்டையும் அனாதை இல்லமும்
விண்வெளி நிலையமும் ஒரே வீடுதான்.
வீடோ பதினோரு புள்ளிக்குப் பொது.
என் அறைக் கதவு டிவியில் வரக்கூடாதென்று
பினாங்கிலிருந்து ஒரு பங்காளி தந்தி அடிக்க,
ஆறாம் பகுதியில் வில்லன் நுழைந்த வாசல்
ஏழாம் பகுதியில் வெள்ளை பூசிய தகரம்.
எட்டில் பாதாள அறைக்குள் வாழைமரம்.
மறுநாள் சொர்ணலிங்கம் செட்டியாருக்குச் சாந்தி,
அவிழ்க்க விடவில்லை.
உலகை அழிக்கப் போகிறவன்
குலையை ஒதுக்கிவிட்டு நடக்கிறான்.
பெல்ஜியம் கண்ணாடியில் பாருங்கள்,
மைக் பிடிக்கிற தம்பி சீப்புச்சீடை தின்கிறான்.
அதையும் குறித்தேன். யார் கேட்டார்?

பதினொன்றாம் பகுதியைப் பற்றி எவரும் சொல்வதில்லை.

காலையில் கயிறு மஞ்சள்.
சாப்பாட்டுக்குப் பின் வெள்ளை.
பார்த்தேன். எழுதவும் எழுதினேன்:
கயிறு மாறியிருக்கிறது. படத்தில் தெரியாது. பரவாயில்லை.
எங்கள் வேலையில் கேள்வி ஒன்றுதான்,
தெரியுமா, தெரியாதா.
மாற்றியது யார், அந்த வெள்ளை எத்தனை கிலோ தாங்கும்
என்பதற்கு நோட்டில் கட்டம் போட்டிருக்கவில்லை.

ஜெயக்கொடி இரண்டாங்கட்டு முற்றத்தின் மேல்
வலக்கையை நீட்டிப் பறந்தான்.
முதல் டேக் ஓகே.
சேஃப்டிக்கு இன்னொன்று என்றார் தேவசகாயம் சார்.

ஆத்தங்குடிக் கல்லில் எதுவும் ஊறாது.
துடைத்தால் பூ அப்படியே இருக்கும்.
நாலு மணிக்கு
அதே இடத்தில் குளோசப் எடுத்தார்கள்.

பன்னிரண்டிலிருந்து வேறு ஆள், வேறு தாடை.
நடப்பதற்கு அவன்.
பறப்பதற்கு ஜெயக்கொடியேதான்:
அந்த முதல் டேக்கையே ஓட்டினார்கள்
இருபத்தாறாம் பகுதிவரை.
அலுத்துவிடக்கூடாதென்று சில வாரம் திருப்பிப் போட்டார்கள்.
மார்பில் 'வா' எழுத்து தலைகீழாய் அல்ல, இடம்வலமாய்,
தேக்குத் தூணெல்லாம் எதிர்ப்பக்கம் போய் நிற்க,
இடக்கையை நீட்டிப் பறப்பான்.
வான்மறவன் வலக்கைக்காரன் ஆயிற்றே என்று
அந்தத் தொடருக்குப் பின் பிறந்த பிள்ளைகள்
நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள்.
கெட்டிக்காரர்கள்.

போன மாதம் கரையான் தொட்டதுபோக மிஞ்சிய பக்கங்களோடு
செக்காலை ரோட்டில் அவன் செராக்ஸ் கடைக்குப் போனேன்.
வேறு கடை இல்லாமல் இல்லை.
"என்ன நோட்டு, சௌக்கியமா" என்றான்.
வலக்கை மடியில் கிடந்தது,
யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.
இடக்கையால் மூடியைத் தூக்கினான்,
இடக்கையால் தாளை நேராக்கினான்,
திருப்பிப் போட்ட படத்தில் இருந்ததுபோலவே,
ஒரு பிசகும் இல்லாமல்.

பதினொன்றாம் பகுதித் தாளைக் கவிழ்த்து வைக்கும் முன்
கொஞ்சம் நேரம் கையில் வைத்திருந்தான்.
படித்தானா, வெளிச்சத்தில் மடிப்பைப் பார்த்தானா,
தெரியவில்லை.

"பென்சில் எழுத்து, மங்கலாத்தான் வரும்.
கறுப்பைக் கூட்டட்டுமா?"

கூட்டு என்றேன்.